ஃபியோரேயின் ஏட்டை வைத்து இருகை வாள் பழகுதல்: முழுமையான வழிகாட்டி

ஐரோப்பிய இடைக்கால வாள்சண்டையைப் பழக ஆசைப்படுகிறவர்களில் பெரும்பாலோர் வாளில்தான் தொடங்குகிறார்கள். வாள் வாங்குகிறார்கள், காணொளி பார்க்கிறார்கள், மொட்டைமாடியில் வீசிப் பார்க்கிறார்கள். ஏட்டைத் திறப்பது கடைசியில்தான். அதற்குள் கை ஏதோ ஒரு பழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கும், பிறகு ஏடு என்ன சொன்னாலும் கை கேட்காது. இங்கே வரிசை வேறு: முதலில் ஏடு, பிறகு கால், பிறகு வாள். எதிராளி அதற்குப் பிறகுதான்.

எடுத்துக்கொண்டிருப்பது ஒரே ஒரு மூலம். வட இத்தாலியின் ஃபிரியூலிப் பகுதியைச் சேர்ந்த வாளாசான் ஃபியோரே தெய் லிபெரி 1410 வாக்கில் உருவாக்கிய ‘ஃபியோர் தி பத்தாலியா’. அதன் பிரதிகளில் ஒன்று லாஸ் ஏஞ்சலிஸ் கெட்டி அருங்காட்சியகத்தில் உள்ளது. மல்யுத்தம் முதல் குதிரைப்போர் வரை அதில் இருந்தாலும், நாம் பார்க்கப்போவது இருகை வாள் பகுதியை மட்டும்.

1. ஒரே ஏடு, ஒரே ஆயுதம்

ஃபியோரேயின் பிரதிகள் நான்கு நமக்குக் கிடைத்திருக்கின்றன. கெட்டி பிரதியில் ஒவ்வொரு படத்துக்கும் உரைநடை விளக்கம் உண்டு. நியூயார்க்கின் மோர்கன் நூலகத்தில் உள்ளதிலும் உரைநடைதான், ஆனால் அது முழுமையாக இல்லை. பிஸானி தோஸி பிரதியில் படத்துக்கு மேல் சிறு செய்யுள் மட்டும். பாரிஸ் பிரதியில் அந்தச் செய்யுளும் லத்தீனில்.

புதியவர் கெட்டி பிரதியையே எடுத்துக்கொள்ள வேண்டும். காலை எங்கே வை, கையை எவ்வளவு உயரத்தில் வை என்று அதன் உரைநடைதான் சொல்கிறது. இரண்டு வரிச் செய்யுளை வைத்து அசைவைக் கட்டி எழுப்புவது, ஏற்கெனவே ஓரளவு தெரிந்தவர் செய்யக்கூடிய வேலை.

ஜெர்மானிய லீக்டெனாவர் மரபின் உரைகளோ, லீட்ஸ் நகரில் உள்ள வாளும் சிறுகேடயமும் பற்றிய ஐ.33 ஏடோ நல்ல மூலங்கள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் தொடக்கத்தில் அவற்றைக் கலக்காதீர்கள். நிற்கும் விதம், வெட்டுகளைப் பிரிக்கும் முறை, எந்தத் தூரத்தில் எதைச் செய்வது என்பதெல்லாம் மரபுக்கு மரபு மாறும். ஒன்றில் நிலையையும் மற்றொன்றில் தாக்குதலையும் எடுத்து ஒட்டினால், வரும் பிழை யாருடையது என்று கண்டுபிடிக்கவே முடியாது.

கெட்டி பிரதியின் படங்களை அருங்காட்சியகமே இலவசமாகத் தருகிறது. எழுத்துப்பெயர்ப்பும் ஆங்கில மொழிபெயர்ப்பும், பழைய வாள்சண்டை ஏடுகளைத் தொகுக்கும் விக்டெனாவர் இணையதளத்தில் உண்டு. மொழிபெயர்ப்பை மட்டும் நம்பி நிற்காமல், இத்தாலிய மூல வரியையும் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ‘பாஸ்ஸாரே’, ‘அக்ரெஸ்ஸரே’ இரண்டுமே காலடிகள், ஆனால் வெவ்வேறு காலடிகள். மொழிபெயர்ப்பில் இரண்டும் ‘முன்னே செல்’ என்று வந்துவிட்டால் உங்கள் ஆட்டம் (ஏடு காட்டும் ஒரு தாக்குதலும் அதற்கான மறுமொழியும் சேர்ந்த தொடர்) அங்கேயே உடைந்துவிடும்.

2. தொடங்குமுன் வேண்டியவை

முதல் தேவை துணை ஆள். தனியாகக் காலடியும் வெட்டும் பழகலாம், அதற்குமேல் ஏட்டில் உள்ள எல்லாமே இருவருக்கு இடையில் நடப்பவை. இருவரும் ஒரே பக்கத்தைப் படித்திருக்க வேண்டும். ஒருவர் ஆசிரியர், மற்றவர் அடிவாங்கி என்று பிரித்துக்கொண்டால் இருவருமே கற்க மாட்டார்கள்.

இடம்: இருகை வாளின் மொத்த நீளம் ஏறக்குறைய 120 செ.மீ. அதைத் தலைக்குமேல் தூக்கினால் வீட்டுக் கூரையும் மின்விசிறியும் தடுக்கும். திறந்த வெளியோ உயரமான கூடமோ வேண்டும். வழுக்கும் டைல்ஸ் தரை கூடாது.

வாள்: முனை மழுங்கிய, குத்தினால் வளையக்கூடிய பயிற்சி வாள். ‘ஃபெடர்’ என்று கேட்டால் இந்த வகை கிடைக்கும். எடை ஒன்றரைக் கிலோவை ஒட்டி இருந்தால் போதும். வாள் என்றால் நாலைந்து கிலோ இருக்கும் என்று நினைத்து இரும்புப் பட்டையை அடித்து வாங்குகிறவர்கள் உண்டு. அதை வைத்துப் பழகினால் தோள் கெடும், நேரக்கணக்கும் கெடும். கையில் காசு குறைவென்றால் சரியான நீளமுள்ள இரண்டு மரவாள்களோடு மெதுவான பயிற்சியைத் தொடங்கலாம். அலங்காரத்துக்கு விற்கும் வாள்களை மட்டும் வாளோடு வாள் மோதும் வேலைக்கு எடுக்கவே கூடாது. பிடிக்குள் போகும் இரும்பு மெல்லியதாக இருப்பதால் அலகு கழன்று பறக்கும்.

வாள் வாங்குவதும் வைத்திருப்பதும் நாட்டுக்கு நாடு வேறு சட்டத்தின்கீழ் வருகின்றன. இந்தியாவில் 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் உண்டு. மழுங்கிய வாளானாலும் வரவழைக்கும் முன் விசாரித்துக்கொள்ளுங்கள், பொது இடத்தில் உறையோ பையோ இல்லாமல் எடுத்துச் செல்லாதீர்கள்.

காப்பு: மெதுவான பயிற்சிக்கும் ஃபென்சிங் முகமூடி கட்டாயம். கிரிக்கெட் ஹெல்மெட்டால் ஈடுகட்ட முடியாது. அதன் கம்பிகளுக்கு இடையே பந்து நுழையாது, வாள்முனை நுழையும். பேட்டிங் கையுறையும் அப்படித்தான்: விரலின் வெளிப்பக்கத்தைக் காக்கும், விரல்நுனியையும் மணிக்கட்டையும் விட்டுவிடும். வாள்சண்டையில் முதலில் உடைவது விரல்கள். வேகம் கூட்டும் நாள் வரும்போது இருகை வாளுக்கென்றே செய்த தடித்த கையுறை, தொண்டைக் காப்பு, குத்தைத் தாங்குவதில் 350 நியூட்டன் தரத்துக்குக் குறையாத ஜாக்கெட், முகமூடியின் பின்பக்கத்தை மூடும் தலைக்காப்பு, முழங்கை முழங்கால் காப்புகள் எல்லாம் வேண்டும். ஃபென்சிங் முகமூடி பின்மண்டையைக் காக்காது என்பது பலருக்கு வாங்கிய பிறகுதான் தெரிகிறது.

கடைசியாக ஒரு நோட்டுப் புத்தகம். ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஒரு பக்கம், பக்கத்துக்கு மூன்று பத்தி: உரை சொல்வது, படம் காட்டுவது, நானாக ஊகித்தது. மூன்றாவது பத்திதான் மிக முக்கியம். அதை எழுதி வைக்காதவர்கள் சில மாதங்களில் தங்கள் ஊகத்தையே ஏடு சொன்னதாக நம்பத் தொடங்கிவிடுவார்கள்.

3. முன்னுரையையும் குறிகளையும் முதலில் படியுங்கள்

புதியவர்கள் நேராக வாள் படங்களுக்குத் தாவுகிறார்கள். ஏட்டைத் திறக்கும் சாவி முன்னுரையில் இருக்கிறது.

தலையில் பொற்கிரீடம் உள்ளவர் ஆசான். அவர் ஒரு தாக்குதலுக்கு மாற்றைக் காட்டுகிறார். முழங்காலுக்குக் கீழே பொற்பட்டை கட்டியவர் அந்த ஆசானின் மாணவர். ஆசான் தொடங்கியதை அவர் முடித்துக் காட்டுகிறார். கிரீடமும் பட்டையும் இரண்டுமே இருந்தால் அவர் முதல் ஆசானையும் மாணவரையும் முறியடிக்கும் மாற்று ஆசான். எதுவும் இல்லாதவர் எதிராளி, அடிபடுகிறவர்.

இது தெரியாமல் பார்த்தால் ஒரு பக்கத்தில் உள்ள நான்கு படங்களும் நான்கு தனித் தந்திரங்களாகத் தெரியும். தெரிந்து பார்த்தால் அவை ஒரே மரத்தின் கிளைகள்: ஓர் ஆசானின் வாள்சந்திப்பு, அதிலிருந்து பிரியும் மாணவர்கள், அவர்களுக்கு எதிரான மாற்று. அதனால் எந்தப் படத்தை எடுத்தாலும் முதல் வேலை, பின்னோக்கிப் போய் அதற்குரிய கிரீடக்காரரைக் கண்டுபிடிப்பது. மாணவரின் படத்தில் காலோ கையோ புரியாவிட்டால் தொடக்கம் அந்த ஆசானின் படத்தில் இருக்கும்.

முன்னுரையில் இன்னொன்றையும் கவனியுங்கள். இத்தனை விஷயத்தை நூல் இல்லாமல் நினைவில் வைத்திருக்க முடியாது என்று ஃபியோரே எழுதுகிறார். இது ஏற்கெனவே பழகியவருக்கான நினைவூட்டல். அதனால்தான் வாளை எப்படிப் பிடிப்பது, எவ்வளவு தூரத்தில் நிற்பது போன்ற அடிப்படைகள் பல இடங்களில் சொல்லப்படாமலே இருக்கின்றன. அந்த இடைவெளிகளை நிரப்பும் வேலை நம்முடையது, நிரப்பியதை மூன்றாம் பத்தியில் எழுதுவதும் நம்முடையது.

4. வாளுக்கு முன் கால்

இருகை வாள் பகுதியின் தொடக்கத்திலேயே மூன்று திருப்பங்களை விளக்குகிறார். ‘வோல்டா ஸ்டாபிலே’: நின்ற இடத்தில் நின்றபடி ஒரே பக்கமாக முன்னும் பின்னும் ஆடுவது. ‘மெட்சா வோல்டா’: ஒரு முழு அடி முன்னே அல்லது பின்னே வைத்து, அதனால் மற்றப் பக்கம் ஆட வருவது. ‘துத்தா வோல்டா’: ஒரு கால் அசையாமல் நிற்க, மற்றக் கால் அதைச் சுற்றி வருவது. அடுத்து நான்கு நகர்வுகள்: கடத்தல், திரும்புதல், முன்கால் நீட்டல், பின்வாங்கல்.

இவ்வளவுதான். ஆனால் இந்த ஏழையும் பெயர் சொன்னவுடன் யோசிக்காமல் செய்யும் அளவுக்கு வரவேண்டும். பிறகு வரும் ஒவ்வோர் ஆட்டமும் இந்தச் சொற்களாலேயே எழுதப்பட்டிருக்கிறது. இந்தக் கட்டத்தில் வாளைக் கையில் எடுக்காதீர்கள். எடுத்தால் கவனம் முழுவதும் கைக்குப் போய்விடும்.

ஏட்டில் ஒரு மனிதனைச் சுற்றி ஏழு வாள்களும் நான்கு விலங்குகளும் வரைந்த பக்கம் ஒன்று உண்டு. தலைக்குமேல் லின்க்ஸ் என்னும் காட்டுப்பூனை கவனத்துக்கு, ஒரு பக்கம் புலி விரைவுக்கு, மறுபக்கம் சிங்கம் துணிவுக்கு, காலடியில் முதுகில் கோட்டை சுமந்த யானை உறுதிக்கு. யானை தலைக்குமேல் இல்லை, காலடியில்தான் இருக்கிறது. உறுதி எங்கிருந்து வரவேண்டும் என்பதை ஃபியோரே படமாகவே போட்டுவிட்டார்.

வழக்கமான பிழைகள் இரண்டு. ஒன்று, குதிகால்களை ஒரே கோட்டில் வைத்துக் கயிற்றின்மேல் நடப்பதுபோல் நடப்பது. பக்கவாட்டில் லேசாகத் தள்ளினாலே விழுந்துவிடுவார்கள். இரு கால்களுக்கும் இடையே தோளகலம் இருக்கட்டும். இரண்டாவது, எடை முன்காலில் கிடக்கும்போதே அந்தக் காலைத் தூக்கப் பார்ப்பது. உடல் முதலில் பின்னே சாய்ந்து பிறகுதான் முன்னே போகும், எதிராளிக்கு நம் நோக்கம் அப்போதே தெரிந்துவிடும்.

காலடி ஓரளவு வந்ததும் ஏட்டின் முதல் ஆயுதமற்ற பகுதியிலிருந்து மல்யுத்தப் பிடிகள் இரண்டு மூன்றைத் துணையோடு செய்து பாருங்கள். வாள் பகுதியின் பிற்பாதி முழுவதும் கைப்பிடியைப் பற்றுவதும் கையை முறுக்குவதும்தான். வாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல்முறையாக அதைப் பழகுவது பாதுகாப்பானதல்ல.

5. ஏழு வெட்டுகள்

மேலிருந்து சாய்வாக இறங்கும் ஃபெந்தெந்தே, கீழிருந்து ஏறும் சொத்தானோ, இடையில் குறுக்கே போகும் மெட்சானோ. இவை ஒவ்வொன்றும் வலமும் இடமுமாக ஆறு. ஏழாவது குத்து.

பாதைகளை ஏடு தெளிவாகச் சொல்கிறது. ஃபெந்தெந்தே பல்லிலிருந்து முழங்கால் வரை சாய்வாக இறங்குகிறது. சொத்தானோ அதே வழியில் திரும்பி ஏறுகிறது. அதனால் முதலில் ஃபெந்தெந்தேயையும் சொத்தானோவையும் இணையாகப் பழகுங்கள். இறங்கிய வழியே ஏறினால், வெட்டிய பிறகு வாள் எங்கே நிற்கிறது என்ற கணக்கு தானாக வரும்.

மெட்சானோவில் வலப்பக்கத்திலிருந்து வருவது முன்விளிம்பால், அதாவது விரல்முட்டிகள் பார்க்கும் பக்கத்தால். இடப்பக்கத்திலிருந்து வருவது நம்மைப் பார்க்கும் பின்விளிம்பால். இரண்டையும் முன்விளிம்பாலேயே வெட்டிப் பழகுகிறவர்கள் மிக அதிகம். இடப்பக்க வெட்டில் கைகள் பின்னிக்கொண்டு முகம் திறந்துபோகும்போது காரணம் புரியாமல் தடுமாறுவார்கள். காரணம் உரையில் ஒரே வரியாக இருக்கிறது.

சிலம்பம் ஆடிப் பழகியவர்களுக்கு மணிக்கட்டும் காலும் தயாராக இருக்கும், அது பெரிய பலம். கம்பைச் சுழற்றும் முறையை மட்டும் அப்படியே கொண்டுவராதீர்கள். வாளுக்கு விளிம்பு உண்டு. அது போகும் திசையும் வெட்டின் திசையும் ஒன்றாக இல்லாவிட்டால் வாள் தட்டையாகத்தான் அடிக்கும். இதைக் காதால் சோதிக்கலாம்: விளிம்பு நேராகப் போனால் வாள் காற்றைக் கிழிக்கும் ஓசை கூர்மையாக வரும், சாய்ந்தால் அந்த ஓசை மங்கும்.

பிடியை இறுக்காதீர்கள். வலக்கை குறுக்குக் காப்பை ஒட்டி, இடக்கை பிடியின் கடைசியில் உள்ள குமிழை ஒட்டி. வெட்டு முடியும் கணத்தில்தான் இறுக்கம். முழுநேரமும் இறுக்கினால் முன்கை விரைவில் களைத்து, வெட்டு தோளிலிருந்து வரத் தொடங்கும்.

6. நிலைகள்: பொம்மை போல் நிற்பதற்கல்ல

இருகை வாளுக்கு ஏடு பன்னிரண்டு நிலைகளைக் காட்டுகிறது. எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் மனப்பாடம் செய்ய வேண்டாம். முதலில் நான்கு போதும்: வாளைத் தோளுக்குமேல் தூக்கி வைக்கும் ‘போஸ்தா தி தொன்னா’, கைகளை முன்னே நீட்டி முனையை எதிராளிக்குக் காட்டும் ‘போஸ்தா லோங்கா’, வாளை உடலின் நடுவில் தாழ்த்தி வைக்கும் ‘மெட்சானா போர்தா தி ஃபெர்ரோ’, இடப்பக்கம் தாழ்த்தி வைக்கும் ‘தெந்தே தி செங்கியாரோ’ என்னும் காட்டுப்பன்றிப் பல்.

வெட்டுகளுக்குப் பிறகே நிலைகளைக் கற்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வலத்திலிருந்து ஃபெந்தெந்தே வெட்டினால் நடுவழியில் வாள் ஏறக்குறைய லோங்காவில் இருக்கும், முடிவில் இடப்பக்கம் தாழ்ந்து பன்றிப் பல்லுக்கு வந்து சேரும். வெட்டுகள் தொடங்கும், கடக்கும், முடியும் இடங்கள்தான் நிலைகள். முதலிலேயே சிலைபோல் நின்று பழகியவர்கள், ஒரு நிலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாக்காமல் வெறுமனே இடம் மாறுவார்கள். அந்த நேரத்தில் எதிராளி வெட்டிவிடுவான்.

ஒவ்வொரு நிலைக்கும் ஃபியோரே ஒரு குணம் எழுதியிருக்கிறார். தொன்னா அடித்துத் தள்ளும் குணம், மெட்சானா போர்தா தி ஃபெர்ரோ உறுதியான குணம், லோங்கா நிலையற்ற குணம். உறுதியானதில் காத்திருக்கலாம், நிலையற்றதில் வெகுநேரம் நிற்கக் கூடாது. பன்றிப் பல்லைப் பற்றிய உரை இன்னும் அழகு: கீழிருந்து முகத்துக்குக் குத்து, காலை நகர்த்தாமலே. பிறகு கைகளின்மேல் ஃபெந்தெந்தேயாக இறக்கம். அந்த ஒரு வரியே ஒரு முழுப் பயிற்சி. இரண்டையும் துணையாளின் முகமூடிக்கும் முன்கைக்கும் மெதுவாகச் செய்து பாருங்கள். படத்தில் நிற்கும் விதத்தைவிட, அங்கிருந்து எதைச் செய்ய முடியும் என்று உரை சொல்வதுதான் அந்த நிலையின் பொருள்.

7. ஓர் ஆட்டத்தை ஏட்டிலிருந்து எடுப்பது

மற்றதெல்லாம் இந்தப் படிக்கான தயாரிப்புதான். எடுத்துக்காட்டாகக் ‘ஸ்காம்பியார் தி புந்தா’, அதாவது குத்துக்குக் குத்து மாற்றும் ஆட்டம்.

உரை சொல்வது இது: ஒருவன் குத்தினால், உடனே உன் முன்காலைப் பாதையைவிட்டு வெளியே நீட்டு. மற்றக் காலால் குறுக்காக, அதுவும் பாதைக்கு வெளியே, கடந்து போ. அவன் வாளைக் குறுக்கே வெட்டிச் செல்லும்போது உன் கைகள் தாழ்ந்திருக்கட்டும், உன் வாள்முனை உயர்ந்து அவன் முகத்திலோ மார்பிலோ இருக்கட்டும்.

முதலில் இதைத் தனித்தனிச் செயல்களாக உடைத்து எழுதுங்கள். முன்கால் நீட்டல். பின்கால் கடத்தல். வாள் குறுக்கிடல். கை தாழ்வு. முனை உயர்வு. இலக்கு. இங்கே ‘பாதை’ என்பது உங்களுக்கும் எதிராளிக்கும் இடையே உள்ள நேர்கோடு. தரையில் சாக்பீஸால் கோடு போட்டுக்கொண்டால் வெளியே போனோமா இல்லையா என்ற வாக்குவாதம் வராது.

அடுத்து, உரை சொல்லாதவற்றை எழுதுங்கள். எந்தக் கால் முன்னே? தொடக்க நிலை எது? எந்தப் பக்கம் விலகுவது? இங்கேதான் புதியவர்கள் படத்தை உற்றுப் பார்த்து ஊகிக்கத் தொடங்குவார்கள். படம் முடிவை மட்டுமே காட்டுகிறது. அதைப் பார்த்து அந்த உருவத்தைப்போலக் கைகால்களை வைத்தால், ஆட்டத்தின் கடைசிக் கணம்தான் கிடைக்கும், அந்தக் கணத்துக்கு வந்த வழி கிடைக்காது.

பக்கத்துப் படத்துக்குப் போங்கள். அடுத்த மாணவர் சொல்வது: முந்தைய மாணவரின் முனை முகத்திலோ மார்பிலோ இறங்காவிட்டால், எதிராளி கவசம் அணிந்திருந்தால், உடனே இடக்காலால் முன்னே கடந்து அவனைப் பற்றிக்கொள். இடக்கால் இப்போது கடக்க வேண்டுமென்றால், குத்து முடிந்தபோது முன்னே நின்றது வலக்கால். வலக்கால் கடந்துதான் முன்னே வந்திருக்கும், ஏனென்றால் உரையில் கடைசிக் காலடி கடத்தல். ஆகவே ஆட்டம் தொடங்கும்போது முன்னே இருந்தது இடக்கால். ஊகமே தேவைப்படவில்லை, ஏடே விடை சொல்லிவிட்டது.

அதற்கு அடுத்து ‘ரோம்பெரே தி புந்தா’ வருகிறது, குத்தை உடைக்கும் ஆட்டம். அங்கே ஃபியோரே ஒப்பிட்டே சொல்கிறார்: மாற்றுவதில் கை தாழ்வு, முனை உயர்வு. உடைப்பதில் கை உயர்வு, ஃபெந்தெந்தேயாக அடித்து எதிர்வாளைத் தரைக்குத் தள்ளல், உடனே நெருங்கிப் போதல். காலடி இரண்டுக்கும் ஒன்றே. இந்த ஒப்பீடு ஒரு சோதனைக் கருவி. மாற்றும் ஆட்டத்தைச் செய்யும்போது உங்கள் கை நெஞ்சுக்குமேல் ஏறியிருந்தால் அது இரண்டு ஆட்டங்களும் இல்லாத ஏதோ ஒன்று.

எந்தப் பக்கம் விலகுவது என்ற கேள்வி மிஞ்சுகிறது. இரண்டு பக்கமும் செய்து பாருங்கள், வாளை வலத்தில் தாழ்த்தி ஒரு முறை, இடத்தில் தாழ்த்தி ஒரு முறை. எதில் எதிராளியின் முனை உங்கள் உடலுக்கு வெளியே போகிறதோ, எதில் உங்கள் முனை தேடாமலே முகத்துக்கு வருகிறதோ, அதை எழுதுங்கள். எழுதும் இடம் மூன்றாம் பத்தி. அது இன்னும் ஊகம்தான்.

இந்த ஆட்டத்தில் மிக அதிகம் பார்க்கும் பிழை, முதலில் எதிராளியின் வாளைத் தட்டிவிட்டுப் பிறகு குத்துவது. உரையில் அப்படி இரண்டு அசைவு இல்லை. குறுக்கிடுவதும் முனை முகத்துக்கு வருவதும் ஒரே காலடிக்குள் முடிகின்றன. தட்டினால் உங்கள் முனை விலகிவிடும், அதைத் திரும்பக் கொண்டுவரும் நேரத்தில் எதிராளி பின்வாங்கிவிடுவான். கை தாழ்ந்திருக்கச் சொல்வதன் காரணமும் இதுதான்: கை தாழ்ந்து முனை உயர்ந்தால் வாளின் பிடியை ஒட்டிய பகுதி எதிராளி வாளின் நுனியைச் சந்திக்கிறது. வாள்கள் சந்தித்து நிற்கும் பிணைப்பில் வாளின் பிடியை ஒட்டிய பகுதி கொஞ்சம் தாங்கும், நடு அதிலும் குறைவாகத் தாங்கும், நுனி எதையும் தாங்காது என்று ஃபியோரே வேறோர் இடத்தில் எழுதுகிறார். இரண்டையும் சேர்த்துப் படித்தால் அசைவு ஏன் வேலை செய்கிறது என்பது தெளிவாகிவிடும்.

8. துணையாளின் கடமை

ஏட்டின் ஆட்டம் வேலை செய்யவில்லை என்று வருகிறவர்களிடம் நான் முதலில் பார்ப்பது தாக்குகிறவரைத்தான். அவர் அரையடி தள்ளி நின்று, எதிராளியின் உடம்பை விட்டுவிட்டு வாளைக் குறிவைத்துக் குத்திக்கொண்டிருப்பார். தொட வராத குத்தை மாற்ற எந்த ஆசானாலும் முடியாது. தடுக்காவிட்டால் முகமூடியைத் தொடும் தூரத்தில், தொடும் நோக்கத்தோடு குத்த வேண்டும், வேகம் மட்டும் குறைவாக.

வேகத்தைக் கூட்டும் வரிசை: இருவரும் மெதுவாக, பிறகு தாக்குகிறவர் மட்டும் வேகமாக, பிறகு இருவரும். ஒருவர் மெதுவாக வரும்போது மற்றவர் மட்டும் பாய்ந்து செய்தால் எந்த ஊகமும் சரியாகத்தான் தோன்றும்.

அடுத்து, தாக்குகிறவருக்கு ஒரே ஒரு தெரிவு கொடுங்கள்: குத்தலாம், அல்லது குத்துவதுபோல் காட்டிப் பின்வாங்கலாம். அதன்பின் குத்தா வெட்டா என்ற தெரிவு. தெரிவுகளை ஒவ்வொன்றாகக் கூட்டுவதால், உடையும்போது எங்கே உடைந்தது என்று தெரியும்.

ஆட்டம் தோற்றால் உடனே மாற்றி அமைக்காதீர்கள். நோட்டைத் திறந்து, முதலில் மூன்றாம் பத்தியில் உள்ள ஊகத்தை மாற்றுங்கள். பிறகு படத்தைப் பற்றிய உங்கள் வாசிப்பை. உரையைச் சந்தேகிப்பது கடைசி. உரையில் இல்லாத காலடி ஒன்றைச் சேர்த்தால்தான் வேலை செய்கிறது என்றால், பெரும்பாலும் தூரம்தான் தவறியிருக்கும்.

9. அகன்ற ஆட்டமும் நெருங்கிய ஆட்டமும்

வாள்கள் சந்தித்து உரசி நிற்கும் பிணைப்பை வைத்துத்தான் இருகை வாள் பகுதி பிரிக்கப்பட்டிருக்கிறது. ‘சோகோ லார்கோ’ என்னும் அகன்ற ஆட்டத்தில் முதல் ஆசானின் பிணைப்பு நுனியில் நடக்கிறது. உடனே வாளைத் திருப்பி மறுபக்கம் தலைக்கோ கைக்கோ வெட்டு, அல்லது முகத்துக்குக் குத்து. இரண்டாம் ஆசானின் பிணைப்பு வாளின் நடுவில். அங்கே எதிராளியின் கைகளின்மேல் வாளைச் சறுக்கவிடலாம், வாளைக் கையால் பற்றலாம். ‘சோகோ ஸ்த்ரெத்தோ’ என்னும் நெருங்கிய ஆட்டத்தில் இருவரும் கைக்கெட்டும் தூரத்தில். குமிழால் அடிப்பது, கைப்பிடியைப் பற்றிப் பறிப்பது, தூக்கி எறிவது எல்லாம் அங்கேதான்.

பழகும் வரிசையும் இதுவே: நுனி, நடு, நெருக்கம். புதியவர்கள் வாள் பறிப்பில் மயங்கி நெருங்கிய ஆட்டத்துக்கு ஓடுவார்கள். நுனிப் பிணைப்பில் எதிர்வாள் கனமாக அழுத்துகிறதா, தளர்ந்திருக்கிறதா என்று கையால் உணரத் தெரியாதவர், நெருங்கினால் அடிபட்டுக்கொண்டேதான் நெருங்குவார்.

ஒரு பயிற்சி: இருவரும் நுனியில் வாளைச் சேர்த்து நில்லுங்கள். ஒருவர் கண்ணை மூடிக்கொள்ளட்டும். மற்றவர் அழுத்தலாம், அல்லது வாளை விலக்கலாம். அழுத்தினால் திருப்பி மறுபக்கம், விலக்கினால் நேராகக் குத்து. மிக மெதுவாக, முகமூடியோடு.

10. கட்டற்ற மோதல்

நுனிப் பிணைப்பும் ஒன்றிரண்டு ஆட்டங்களும் தெரிவுகளோடு நிற்கும் அளவுக்கு வந்தபின்தான் கட்டற்ற மோதல். அதற்குமுன் போனால் பயத்தில் உடல் தனக்குத் தெரிந்த கம்படிக்குத் திரும்பிவிடும், பழகியது எதுவும் வெளிவராது.

முழுக் காப்பு இல்லாமல் இதைச் செய்யாதீர்கள். ஒவ்வொரு தொடுதலுக்குப் பிறகும் நிறுத்துங்கள். இருவரும் ஒரே நேரத்தில் தொட்டால் அது இருவருக்கும் தோல்வி என்று எண்ணுங்கள். முன்னுரையில் ஃபியோரே தம் ஐந்து சண்டைகளைப் பற்றிச் சொல்கிறார்: கூரிய வாள், உடம்பில் பஞ்சுச்சட்டை, கையில் தோல் கையுறை, வேறு கவசமில்லை. அப்படி நின்ற ஒருவரின் ஏட்டில், தான் அடிபட்டுக்கொண்டு அடிப்பது ஒரு வழியாக இருக்க முடியாது.

மோதலுக்கு முன் ஒரு நோக்கம் வைத்துக்கொள்ளுங்கள்: இன்று குத்து வந்தால் மாற்றும் ஆட்டத்தை மட்டும் முயல்வேன், மற்றதில் தோற்றாலும் சரி. வெல்வதற்காக மட்டும் ஆடினால் கை வேகமானவர் வெல்வார், ஏடு மூடியே இருக்கும்.

11. மற்றப் பிரதிகளுக்கு எப்போது போவது

ஏழெட்டு ஆட்டங்கள் கெட்டி பிரதியிலிருந்து கைக்கு வந்த பிறகு, அதே ஆட்டத்தை மோர்கன், பிஸானி தோஸி, பாரிஸ் பிரதிகளில் தேடுங்கள். ஒன்றில் மறைந்திருக்கும் கால் இன்னொன்றில் தெரியலாம், ஒன்றில் விட்ட சொல் இன்னொன்றின் செய்யுளில் இருக்கலாம். படங்கள் முரண்பட்டால் இரண்டையும் குறித்துக்கொண்டு, உரைநடை எதோடு ஒத்துப்போகிறதோ அதை முதலில் முயன்று பாருங்கள்.

அதோடு ஒருகை வாள் பகுதிக்குப் போங்கள். ஏட்டில் அது இருகை வாளுக்கு முன்னால் வருகிறது. ஓர் ஆசான் வாளைத் தாழ்த்திப் பிடித்துத் தனியாக நிற்க, மூவர் எதிரே வருகிறார்கள்: ஒருவன் குத்த, ஒருவன் வெட்ட, ஒருவன் வாளையே எறிய. மூவருக்கும் அந்த ஒரே நிலையிலிருந்து மறுமொழி உண்டு. அங்கே உள்ள ஆட்டங்களை, இருகை வாளில் செய்ததுபோலவே மூன்று பத்தியாகப் பிரித்து, கிரீடக்காரரிலிருந்து தொடங்குங்கள். முதல் காலடியை வாளில்லாமல் செய்யுங்கள்.